காலர் டியூனில் வரும் கிட்டார்

ஜெகதாப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பஸ். என் முன் சீட்டில் போனைக் காதில் வைத்திருந்த பெரியவர், பக்கத்தில் கிட்டார் பையோடு இருந்தவரிடம் திடீரென்று சொன்னார்:

“மகனோட காலர் டியூன்ல கிட்டாரு வரும்னே எனக்கு இம்புட்டு நாளாத் தெரியாது தம்பி.”

கிட்டார்க்காரர் போனை வாங்கிக் கேட்டார்.

“வெளிநாட்டு ராக் பாட்டுண்ணே இது. மொதல்ல வயலினு கூட்டமா வருதுல்ல, அது அவங்களோட பழைய ஆர்கெஸ்ட்ரா சங்கீதம். அத முன்னால விட்டு, அப்பறமா கிட்டார எறக்கியிருக்காங்க.”

“வயலினு மட்டுந்தான் கேட்டிருக்கேன். அது முடியிறதுக்குள்ள எடுத்து, ‘சொல்லுப்பா’ம்பான்.”

“இப்ப எடுக்கலையா?”

“மீன் புடிக்கப் போனவன, இலங்கை நேவிக்காரங்க கடல்ல போட்டோட புடிச்சுட்டுப் போயிட்டாங்க. இன்னும் விடல.”

“அப்ப இந்த நம்பரு?”

“செல்லு வீட்டுலதான் கெடக்கு. தண்ணி பட்டுரும்னு கடலுக்குக் கொண்டுபோக மாட்டான்.”

“வீட்டுல யாரும் எடுக்க மாட்டாங்களா?”

“யாரு இருக்கா? நானும் அவனுந்தான்.”

கிட்டார்க்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார். பெரியவர் மறுபடியும் அதே நம்பரை அழுத்தினார்.

“சுவிட்ச் ஆஃப் ஆயிட்டா பாட்டு வராதுல்ல. அதான், சார்ஜ் போட்டு வச்சுட்டு வந்தேன்.”