தோள்பட்டை சொன்ன பதில்

கண்டியிலிருந்து பல்லேகல போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“நேத்து என் தோள்பட்டை பேசுச்சுக்கா,” என்றாள் இளையவள்.

“என்னடி சொல்ற?”

“கவுன்சிலிங் மிஸ்தான், வலிக்கிற எடத்துல கைய வச்சு என்ன வேணும்னு கேளுங்க, அது சொல்றத வச்சு நாம ரெண்டு பேருமா சேந்து யோசிப்போம்னாங்க. கேட்டேன். ‘ஞாயித்துக்கெழம நாத்தனார் வீட்டு ஆளுங்க பன்னெண்டு பேருக்கும் இனி சமைக்க மாட்டேன்’னுச்சு.”

“வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?”

“தோள் சொன்னதாத்தான் சொன்னேன். பயந்துட்டாரு. காலையில ரெண்டு கப் டீ கொண்டாந்தாரு. ஒன்னு எனக்கு, ஒன்னு தோளுக்கு.”

மூத்தவள் சிரிக்கவில்லை. “அப்புறம்?”

“கல்யாணமாகி ஒம்பது வருஷத்துல அவரு போட்ட மொத டீக்கா. சீனி போட மறந்துட்டாரு. ரெண்டையும் நானே குடிச்சேன்.”