தமிழ் விளங்கின நாயள்

இல்லைத் தம்பி, கயிறு கியிறு ஒண்டும் கையில தரமாட்டினம். மாட்டுக்கெண்டால் மூக்கில நாணயக்கயிறு இருக்கு, இழுத்தால் நிக்கும். இந்த நாயளுக்கு எங்கட வாய்ச் சொல்லு மட்டுந்தான். காலைப் பிறேக்கில வை. விழுந்தாலும் வண்டியை விட்டிடாதை. விட்டியெண்டால் உதுகள் சில்க்போர்க் கடைத்தெருவிலதான் போய் நிக்கும்.

ஸ்னோவில இழுக்கிற சறுக்குவண்டியோ? அதுக்கு இன்னும் நாள் கிடக்கு. ஸ்னோ விழுமட்டும் சில்லு வண்டியிலதான் பழக்கிறது. புதுசா வாற ஆளுக்கு ரெண்டு நாய்தான் பூட்டித் தருவினம். சிரிக்காதை. அந்த ரெண்டுந்தான் என்னை வாய்க்காலுக்குள்ள தள்ளினதுகள். ஓட முதல் தண்ணி வைக்கோணும், ஓடி முடிய பாதத்தைத் தூக்கிப் பாக்கோணும். வெய்யில் ஏறினால் ஓட்டமில்லை.

முதல் நாள் நான் மாட்டுவண்டிச் சவாரிக்குப் போற நினைப்பில ஒரு தடி முறிச்சுக்கொண்டு வந்தன். ஹென்னிங் கண்டிட்டான். ஓம், நான் வேலைசெய்யிற இந்த நாய்ப்பண்ணைக்காரன்தான். தடியை வாங்கி அடுப்புக்குள்ள வைச்சுப்போட்டு, எனக்குக் கோப்பி ஊத்தித் தந்தான். எனக்கு விளங்கிச்சு.

பிழை அதுக்குப் பிறகுதான் நடந்தது. அவசரத்துக்கு எனக்கு டெனிஷ் வராது. வாயில வந்ததைக் கத்தினன். இடம், வலம், நில்லடா. இப்ப உதுகள் ஹென்னிங் சொன்னால் கேக்குதுகளில்லை. பாவம், அவனும் இடம் இடமெண்டு பழகிப் பாத்தான். முன்னுக்கு ஓடுற நாய் அவனைத் திரும்பி ஒருக்காப் பாத்துப்போட்டுக் குந்தியிட்டுது.

அதுதான் உன்னை வைலேயில இருந்து கூப்பிட்டனான். ஞாயிற்றுக்கிழமை நாய்வண்டிப் போட்டி. ஹென்னிங் ஊரெல்லாம் சொல்லிப்போட்டான். வண்டியில நீதான் நிக்கிறாய். ஏன் பயப்பிடுறாய்? உனக்குத் தமிழ் தெரியுந்தானே.

நானோ? எனக்கு அண்டைக்குக் கொப்பன்ஹேகன் போகோணும். யசிந்தா ஊரில இருந்து வாறா. ஓம், என்ர மனுசி. ரெண்டு வருசத்துக்குப் பிறகு பாக்கப்போறன். இல்லை, நாயளைப் பற்றி இன்னும் சொல்லேல்லை. அவவுக்கு நாயெண்டால் பயம்.

அதில்லைத் தம்பி விசயம். இந்தக் காட்டுக்குள்ள தமிழ் கதைக்க உதுகளை விட்டால் எனக்கு ஆரும் இல்லை. நேற்றுக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு, வாரும் யசிந்தா, பயணமெல்லாம் எப்பிடியெண்டு கேட்டுப் பாத்தன். ரெண்டு சொல்லுக்குமேல ஓடேல்லை. இடம், வலம், நில்லெண்டுதான் வருது. உண்மையா எனக்குப் பயமாக் கிடக்கு. அதுதான் காலமையில இருந்து வாய் மூடாமல் உன்னோட கதைச்சுப் பாக்கிறன்.

சொல்லு, மனிசரோட கதைக்கிற மாதிரிக் கிடக்கே?