டேங்க் மூடியும் ஜெபமும்

சாந்தன்பாறை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் அவள் கணவர், ஏற்றத்தில் நின்றுபோன பழைய லாரியோடு. லாரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதற்கு வழிவிட வேண்டும் என்பது மட்டும்தான். இருந்தாலும் காதைக் கொடுத்தேன்.

“ஸ்டெல்லா, வளைவுல நின்னுபோச்சு. டயருக்குக் கல்லு வச்சிருக்கேன். பின்னால ஏலக்கா எடுக்கப் போற பொம்பளைங்க, உங்கம்மாவும் இருக்காங்க.”

“ஐயோ, மொதல்ல எறக்கி விடுங்க!”

“மழைன்னு எறங்க மாட்டேங்காங்க. பயப்படாத, ஜெபம் பண்ணா ஸ்டார்ட் ஆயிரும். நேத்தும் அப்படித்தான் ஆச்சு.”

“நேத்து ஜெபத்துக்கு முன்னால என்ன செஞ்சீங்க?”

“டேங்க் மூடியத் திறந்து டீசல் இருக்கான்னு பாத்தேன்.”

அவள் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

“மழைத்தண்ணி எறங்கும்னு அந்த மூடியில சைக்கிள் டியூப் சுத்திக் கட்டினீங்கல்ல? பூச்சிமருந்து அடிக்கிற கேன்ல மூடி ஓட்டைய அடைச்சா மருந்து வருமா? டேங்க்குக்கும் அப்படித்தான், உள்ள காத்து போனாத்தானே டீசல் வரும்! நேத்து மூடியத் திறந்ததாலதான் ஓடுச்சு. டியூப்ப அவுத்துப் போடுங்க.”

போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எஞ்சின் இருமி இருமிப் பிடித்தது. பின்னாலிருந்து பெண்கள் “ஸ்தோத்திரம்” என்றார்கள்.

“அப்போ ஜெபம் வேண்டாங்கியா?”

“பண்ணுங்க, பிரேக்குக்குப் பண்ணுங்க. மேல ஏறினா அடுத்தது எறக்கம்.”