லி-ஹுவாவின் பெயரில் வந்த செய்திகள்

பெயர்: வெங் சிங்-யாவ். வயது: 61. தொழில்: மின்தூக்கி பழுதுபார்ப்பு, தற்போது ஓய்வு. விலாசம்: தைச்சுங் நகரம், வடக்கு வட்டம், காய்கறிச் சந்தைக்குப் பின்சந்து, நான்காம் மாடி.

நான் மேற்கண்ட விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். என் மனைவி கெ லி-ஹுவா மூன்று வருடங்களுக்கு முன் கணையப் புற்றுநோயால் காலமானாள். அவளுடைய அக்கா கெ யிங்-தாவ், வயது 68, லூகாங் ஊரில் வசிப்பவர். அவர் தன்னுடைய வங்கிக் கணக்கை மோசடிக் கும்பலுக்குக் கொடுத்ததாகச் சந்தேகித்து அவரை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்திருக்கிறார்கள். அவர் கணக்கை யாருக்கும் விற்கவில்லை, வாடகைக்கும் விடவில்லை. நடந்ததில் பாதி என் வழியாக நடந்தது என்பதால் நானாகவே வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் மனைவி தைச்சுங் மின்சாதன அங்காடியின் இரண்டாம் மாடியில் பல வருடம் கைபேசிக் கடை வைத்திருந்தாள். கடை என்றால் ஒரு அலமாரி அகலம்தான். அவள் உள்ளே உட்கார்ந்தால் வாடிக்கையாளர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். உறையும் கண்ணாடித் தாளும் விற்றாள் என்றாலும் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறு வேலை. கைபேசிக் கம்பெனி போட்டு அனுப்பும் கட்டுப்பாடுகளைக் கழற்றிக் கொடுப்பாள். அங்காடியில் அதற்கு ஜெயில் உடைக்கிறது என்று பெயர். அந்தக் காலத்தில் கம்பெனி கொடுத்த விசைப்பலகையை விட்டால் வேறு போட முடியாது. பத்திரிகை அலுவலகங்களில் வேறு விசைமுறையில் சீன எழுத்துக் கோத்துப் பழகிய பெரியவர்கள் அவளிடம் வருவார்கள். அவள் பூட்டைக் கழற்றி அவர்கள் முறையைப் போட்டுக் கொடுத்ததும், நின்ற இடத்திலேயே வீட்டுக்கு ஒரு செய்தி தட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருவர் மட்டும் தட்டாமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார் என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

பூட்டைக் கழற்றப் புதிதாக ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தால் அன்று படிக்கட்டு வரை வரிசை நிற்கும். நான் வேலை முடிந்து சீருடையோடு நேராக அங்கே போவேன். வரிசையில் நிற்பவர்களிடம், "எங்க வீட்டுக்காரரு இருவது மாடி லிஃப்ட்ட நிறுத்துவாரு, போன்ல அலாரத்த நிறுத்தத் தெரியாது" என்று என்னைக் காட்டிச் சொல்வாள். நானும், "ஜெயில் உடைக்கிறவள கட்டிக்கிட்டேன், என்ன பண்றது" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த கடை ஆ-பியாவ் மீனுருண்டைச் சூப் வாங்கி வருவான். மூன்று பேரும் திருகுளி, பசைநாடா எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு அந்த மேசையிலேயே சாப்பிடுவோம். அதைவிட நல்ல சாப்பாடு நான் பிறகு சாப்பிட்டதில்லை.

பூட்டைக் கழற்றிய கைபேசிக்குள் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்தான் இருக்கும், அது உலகத்துக்கே தெரியும் என்பதால் அவள் ஒவ்வொன்றிலும் அதை மாற்றித்தான் கொடுப்பாள். அவசரமாக, "அதெல்லாம் வேணாம்மா" என்று வாங்கிப்போன ஒருவர் மறுவாரம் திரும்பி வந்தார். யாரோ வெளியிலிருந்து உள்ளே புகுந்து அவர் கைபேசித் திரையில் இருந்த படத்தை எடுத்துவிட்டு ஒரு ஆட்டின் படத்தை வைத்திருந்தார்கள். அங்காடியே கூடிச் சிரித்தது. அப்போது திருடனுக்கும் அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அதன் பிறகு கம்பெனிகளே எல்லாம் கொடுக்க ஆரம்பித்ததால் அந்த வேலை நின்றுபோனது. அவளும் நோயில் விழுந்தாள்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளன்று நானும் அக்காவும் அஸ்தி மண்டபத்துக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது அக்கா, "தம்பி, லி-ஹுவா குரல் எதாவது உன்கிட்ட இருக்கா? நான் புது போன் மாத்தினப்ப எனக்கு எல்லாம் போயிருச்சு" என்று கேட்டார். அதற்கு முன் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மனைவியின் கைபேசியை எடுத்து மின்னேற்றினேன். அது திறந்தது. ஆனால் செய்திகள் இருக்கும் செயலியைத் தொட்டால், புதிய பதிப்புக்கு மாறினால்தான் திறப்பேன் என்றது. அந்தப் பழைய கைபேசியில் புதிய பதிப்பு ஏறவில்லை.

அதன் பிறகு நான் அங்காடிக்குப் போய் ஆ-பியாவைப் பார்த்தேன். இப்போது அந்த மாடியில் அவன் கடையும் ஒரு பொம்மை இயந்திரக் கடையும்தான் இருக்கின்றன. கைபேசியைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, இது அண்ணி போனு. என்னால தொட முடியாது."

"பழைய ஆப்பத் தெறக்கணும் ஆ-பியாவ். வேற ஒண்ணும் வேணாம்."

"அந்தக் காலத்துல இந்தப் பூட்டக் கழட்டற கருவியெல்லாம் எழுதினவன் பேரு நமக்குத் தெரியும். ஒரு ஓட்டையக் கண்டுபிடிச்சா ஊருக்கே தம்பட்டம் அடிப்பான், அதோட சரி. இப்ப வலையில கெடக்கறத எவன் செஞ்சான், எதுக்குச் செஞ்சான்னு யாருக்குண்ணே தெரியும்?"

ஆனாலும் மனைவி அவனிடம் விட்டுப்போன பழைய கணினியில் அவள் சேர்த்து வைத்திருந்த கருவியைக் கொண்டு அவனே பூட்டைக் கழற்றினான். செயலி திறந்தது. என்னிடம் கொடுக்கும்போது, "இனிமே இதுக்குக் காவக்காரன் கெடையாது. எது வந்தாலும் யாருன்னு கேக்காம உள்ள விட்ரும். படிங்க, கேளுங்க, அணைச்சு வெச்சிருங்க. இன்டர்நெட்டோட மட்டும் சேத்துறாதீங்க" என்றான். அவன் இதற்காக என்னிடம் எதுவும் வாங்கவில்லை. அவன்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று இங்கே பதியக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியை எடுத்துக்கொண்டு லூகாங் போனேன். அக்கா அந்த ஊரின் நாக்கு வடிவ ரொட்டி வாங்கி வைத்திருந்தார். நாங்கள் இருவரும் கைபேசியை மேசை நடுவில் வைத்து ஒவ்வொரு குரலாகக் கேட்டோம். கோயில் ஊர்வலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் மனைவி வெடிச் சத்தத்தை மீறி, "அக்கா, ஒண்ணுமே கேக்கல, நீ பேசிக்கிட்டே இரு" என்று கத்தியதைக் கேட்டு அக்கா ரொட்டியை வாயில் வைத்தபடியே சிரித்தார். சில குரல்கள் மட்டும் சாம்பல் நிறப் பட்டையாக நின்றன, தட்டினால் பேசவில்லை. அக்கா அவற்றைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நான் அவர் வீட்டு இணையத்தோடு கைபேசியைச் சேர்த்தேன். பழைய குரல்களை மீட்க என்று ஒரு அறிவிப்பு வந்தது. அழுத்தினேன். என் சொந்தக் கைபேசியாக இருந்தால் இது யார் கொடுத்தது, நிச்சயமா என்று மூன்று முறை கேட்டிருக்கும். இது ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு குரல்கள் உண்மையிலேயே வந்தன. நாங்கள் மிகவும் சந்தோஷப்பட்டோம். மாலை வரை இணையத்தைத் துண்டிக்க எனக்குத் தோன்றவில்லை.

அப்போது உள்ளே புகுந்த ஏதோ ஒன்று அந்தச் செயலியில் என் மனைவிக்கு இருந்த கணக்கையும் பழைய செய்திகள் முழுவதையும் வெளியே எடுத்துக் கொண்டுபோய்விட்டது என்று உங்கள் கணினிப் பிரிவு அதிகாரி எனக்கு விளக்கினார்.

அதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அக்கா சொன்னதையும், அவர் கைபேசியில் நான் படித்ததையும் சொல்கிறேன். டிராகன் படகுத் திருநாள் முடிந்து சில நாள் கழித்து அக்காவுக்கு லி-ஹுவாவின் பெயரிலிருந்து, "அக்கா, சாப்டியா?" என்று ஒரு செய்தி வந்தது. கூடவே அவள் எப்போதும் அனுப்பும் குண்டுப் பூனைப் படமும் வந்தது. அக்கா பதில் போட்டார். மறுநாளும் வந்தது. கோடை முழுவதும் வந்தது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்காவின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்ட பிறகு நான் லூகாங் போய், எப்படி ஏமாந்தீர்கள் என்று கேட்டேன்.

"யாரு ஏமாந்தா? அவள எரிச்சப்புறம் எலும்ப எடுத்து ஜாடியில போட்டப்ப நானும்தான குச்சி புடிச்சேன்? திருடன்னு மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா பேசினீங்க?"

"இந்த வீட்ல வேற யாரு என்னைச் சாப்டியான்னு கேக்கறாங்க? நீ கேக்கறியா?"



அக்கா திருடனுக்கு எழுதியதெல்லாம் கைபேசியில் இருக்கிறது. கிளிஞ்சல் பொறுக்கப்போய்ச் சேற்றில் லி-ஹுவாவின் ஒற்றைச் செருப்பு போனது, அதற்கு அம்மாவிடம் தான் அடி வாங்கியது, இரண்டு பேருக்கும் பழத்தின் பெயரும் பூவின் பெயரும் வைத்த அப்பாவுக்குத் தோட்டமே இல்லாதது, இப்படி எல்லாம் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் முதலில் பழைய செய்திகளிலிருந்து எடுத்த வாக்கியங்களாகவே வந்துகொண்டிருந்தன. அதன் பிறகு அடையாள அட்டையின் படத்தைக் கேட்டது, பரிசுப் பதிவு என்று சொல்லி வங்கி அனுப்பும் எண்ணைக் கேட்டது. அக்கா இரண்டையும் கொடுத்தார். ஏன் கொடுத்தீர்கள் என்றதற்கு, "கேட்டுக்கிட்டே இருந்துச்சு. குடுக்கலேன்னா அதுவும் போயிருமோன்னு பயந்துட்டேன்" என்றார். திருடன் என்று தெரிந்தே கொடுத்ததாகச் சொல்வது அக்காவுக்குப் பாதகமாகலாம் என்று அதிகாரி என்னை எச்சரித்தார். அக்கா அதை மறைக்காமல் சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டதால் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த வாரம் அந்தப் பக்கத்திலிருந்து வந்த எழுத்து மாறியது. அக்கா தன் அம்மாவின் சிப்பி ஆம்லெட்டைப் பற்றி எழுதியதற்கு, எங்க அம்மா அதுல கீரை போட மாட்டாங்க என்று பதில் வந்தது. லி-ஹுவாவின் அம்மா கீரை போடுவார். அக்கா அதைக் கவனித்தும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் வந்த செய்தியை உள்ளபடியே சொல்கிறேன்: "அக்கா, நான் உங்க தங்கச்சி இல்ல. இப்பவே பேங்க்குக்குப் போய்க் கணக்க முடக்குங்க. இத உடனே அழிச்சிருங்க, அவங்க பாத்துருவாங்க."

அக்கா அழிக்கவில்லை. "தெரியும். நீ சாப்டியா?" என்று எழுதினார். அதற்குப் பதில் இல்லை. அதன் பிறகு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், கதவு திறக்கும்வரை வாசலில் நின்று, தானே கணக்கை முடக்கச் சொன்னார். அப்போது அந்தக் கணக்கில் அதே கும்பலிடம் ஏமாந்த வேறு இருவரின் பணம் வந்து சேர்ந்திருந்தது, அது வெளியே போகாமல் நின்றது என்று வங்கி மேலாளர் எழுதிக் கொடுத்த கடிதத்தை இத்துடன் கொடுக்கிறேன். அந்தப் பக்கம் எழுதியவர் யாரோ, கும்பல் அவரை எந்த ஊரில் அடைத்து வைத்து எழுத வைக்கிறதோ எனக்குத் தெரியாது. அவரைக் கண்டுபிடித்தால் இந்தச் செய்தியும் அவர் அனுப்பியதுதான் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அக்கா கேட்கிறார். நானும் கேட்கிறேன்.

அதன் பிறகு இன்று காலை அக்காவும் நானும் இந்த நிலையத்துக்கு வந்தோம். ஆ-பியாவ் ஒரு மாதுளையைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை. என் மனைவியின் செயலிக் கணக்கு திறந்திருக்கும்வரை வேறு யாரையாவது அதன் பெயரில் ஏமாற்றுவார்கள், அதை நிரந்தரமாக மூட உங்களுக்குச் சம்மதமா என்று அதிகாரி கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர், "மூடச் சொல்லு தம்பி. அவ பேர வெச்சு இன்னொரு வீட்டுக் கதவத் தட்டக் கூடாது" என்றார். நான் சம்மதித்துக் கையெழுத்திட்டேன்.

சிறிது நேரத்தில் எங்கள் குடும்பக் குழுவில், லி-ஹுவா வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. அக்காவின் கைபேசியிலும் என்னுடையதிலும் ஒன்றாகவே சத்தம் வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டு அதைப் படித்தார்.

"இன்னிக்குத்தான் கெளம்பறா" என்றார்.

அதன் பிறகு அவருக்குக் குடிக்க வெந்நீர் கொடுக்கப்பட்டது. கேள்விகள் தொடர்ந்தன.

மேலே எழுதப்பட்டவை நான் என் வாயால் சொன்னவை. யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. எனக்குப் படித்துக் காட்டினார்கள். எங்கும் திருத்தம் இல்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வெங் சிங்-யாவ்