இந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார்

ஞாயிற்றுக்கிழமை. மணி பன்னிரண்டு பத்து. பகல்.

ஏன் சிரிக்கிறீர்கள்? பேய்க்கதை என்றால் நடுச்சாமம்தான் வேண்டுமா? பட்டப்பகல்தான். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஊரைத் தாண்டி, கிடங்குகள் மட்டும் வரிசையாக நிற்கிற நீளமான சாலை. எல்லாக் கிடங்குக்கும் ஷட்டர் இறக்கியிருக்கிறது. ஒரு ஈ காக்கை இல்லை. அதில் ஒரே ஒரு பைக்... ஓட்டிக்கொண்டு போகிறவர் என் சிநேகிதனுடைய அக்கா கணவர். அவன் அத்தான் என்று கூப்பிடுவான், நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தக் கடைசி ஆள் போனை அணைக்கட்டும், கண்ணில் அடிக்கிறது.

அத்தானுக்கு வேலை, சர்வர்களைக் கட்டி மேய்ப்பது. முப்பது மருத்துவமனைகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகள் அவருடைய கம்பெனியில்தான் வந்து சேரும். ஒரு பெரிய லினக்ஸ் மெஷின். அதற்குள்ளே பதினோரு சின்ன மெஷின்கள். நிஜத்தில் கிடையாது, இருக்கிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் பதினோரு குடித்தனம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே பரண் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரண் நிரம்பிவிட்டால் பதினொன்றும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். முப்பது மருத்துவமனையிலும் டாக்டர்கள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அன்று அந்தப் பரண்தான், தொண்ணூற்றாறு சதவீதம் என்று அத்தானின் போனில் வந்து அலறியது.

அத்தானுக்கு அந்தச் சாலையில் போவதென்றாலே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். காரணம் இருக்கிறது.

நாலு மாதத்துக்கு முன்னால் இதே போல ஒரு ஞாயிறு. அந்தச் சாலைக் கடைசியில் இருக்கிற சர்வர் ரூமுக்கு நேரில் போக வேண்டிய முறை அத்தானுடையது. அலாரம் வந்த நேரம் அவர் சினிமா தியேட்டரில், இடைவேளையில், கையில் பாப்கார்னோடு நிற்கிறார். படத்தைப் பாதியில் விட மனசு வரவில்லை. கூட வேலை பார்க்கிறவனுக்குப் போன் போட்டார்.

“மச்சி, செம காய்ச்சல்டா. எழுந்திரிக்கவே முடியல. நீ ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடேன்.”

“சரி, நீ படுத்துக்கோ. நான் பாத்துக்கறேன்.”

அவ்வளவுதான் பேச்சு. போனவன் வேலையை முடித்தான். திரும்பி வருகிற வழியில், இரண்டு ஐந்துக்கு, ஒரு கிடங்கிலிருந்து ரிவர்ஸில் வந்த லாரி... படம் முடிந்து அத்தான் வெளியே வந்து போனைப் பார்த்தால் இருபத்துமூன்று மிஸ்டு கால். அந்தக் காய்ச்சல் பொய் என்று அத்தானைத் தவிர யாருக்கும் தெரியாது. கட்டின பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

செத்துப்போனவனை ஆபீசில் முணுமுணு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கமாண்டையும் வாய்க்குள் முணுமுணுக்காமல் தட்ட மாட்டான். இன்னொரு பழக்கமும் உண்டு. செய்யப் போகிறதை முதலில் ஒரு வரியாக எழுதுவான், முன்னால் # என்கிற ஹேஷ் குறி போட்டு. ஹேஷ் போட்ட வரியை மெஷின் சட்டை செய்யாது. அது மனிதர்கள் படிக்க மட்டும். எழுதிவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான். அப்புறம்தான் கமாண்ட், அப்புறம்தான் என்டர். தட்டுகிறது அத்தனையும் ஒரு ஃபைலில் தானாகப் பதிவாகும்படியும் வைத்திருந்தான். அவன் கையால் ஒரு மெஷின் கெட்டது என்று கிடையாது. நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், நல்ல பழக்கம். சளித் தொந்தரவு அவனுக்கு. கழுத்தில் எப்போதும் கற்பூரத் தைலம். முதலில் தைலம் உள்ளே வரும், பின்னாலேயே அவன் வருவான்.

அவன் செத்த மூன்றாம் நாள், அவனுடைய லாகினை நீக்க அத்தான் உட்கார்ந்தார். கம்பெனி விதி. கமாண்டைத் தட்டினார். மெஷின் மறுத்துவிட்டது. நீக்க முடியாது, இந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்றது.

உங்களில் இந்த வேலை பார்க்கிறவர்கள் சொல்லுங்கள், அப்போது என்ன செய்ய வேண்டும்? என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். இல்லையா? அத்தான் பார்க்கவில்லை. சீக்கிரம் முடித்துத் தொலைத்தால் போதும் என்று இருந்ததாம். பரவாயில்லை, கட்டாயப்படுத்தி நீக்கு என்று ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்து மறுபடி தட்டினார். லாகின் போனது. அவன் ஃபோல்டரும் கூடவே போனது.

அடுத்த வாரம் முணுமுணுவின் மனைவி வந்தாள், அவனுடைய டிபன் பாக்ஸையும் ஸ்வெட்டரையும் வாங்கிக்கொண்டு போக.

“அண்ணா, எதையும் எழுதாம இருக்க மாட்டாரே அவரு. அன்னிக்கு இங்க உக்காந்து கடைசியா என்ன எழுதினாருன்னு பாக்கணும். ஒரு வரி இருந்தாலும் போதும்ணா.”

“ஒண்ணுமே இல்லம்மா. நான் தேடிப் பாத்துட்டேன்.”

எங்கே தேடினார்? தேடவே இல்லை.

சரி, இந்த ஞாயிற்றுக்கு வருவோம். அத்தான் சர்வர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாத்தினதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அது அவர் வழக்கம். உள்ளே எலும்பு வரை இறங்குகிற குளிர். மெஷின்களின் உறுமல். சூடான பிளாஸ்டிக் வாசம்... அதற்கு அடியில் இன்னொரு வாசம். கற்பூரத் தைலம். ஏசியில் ஏதோ ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டார். மனிதன் எதையாவது நினைத்துக்கொள்ளத்தானே வேண்டும்.

திரையில் தொண்ணூற்றேழு. மேனேஜர் போனில் வந்துவிட்டார்.

“என்னய்யா ஆச்சு? ஆஸ்பத்திரிலேருந்து எனக்குக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.”

“பாத்துட்டிருக்கேன் சார். அஞ்சு நிமிஷம்.”

இருக்கிற ஃபைல்களை எல்லாம் கூட்டிப் பார்த்தார். எண்பத்தைந்துதான் வருகிறது. பரணை, அதாவது டிஸ்க்கைக் கேட்டால் தொண்ணூற்றேழு என்கிறது. மீதிப் பன்னிரண்டு எங்கே? பயப்படாதீர்கள், இது பேய் இல்லை. லினக்ஸில் ஒரு ஃபைலை அழித்தால் அதன் பெயர்தான் போகும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், அது விடுகிற வரைக்கும் ஃபைல் உயிரோடுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கும். டிஸ்க் நிரம்பினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்க ஒரு கமாண்ட் இருக்கிறது. அத்தான் கேட்டார்.

ஒரே வரி வந்தது. அழிக்கப்பட்ட ஃபைல். அளவு நானூற்றுப் பன்னிரண்டு ஜிகாபைட். பிடித்திருக்கிற ஆளுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும் இருக்கிறது. 1013. லாகினை நீக்கினால் பெயர் போய்விடும், எண் நிற்கும். அது முணுமுணுவின் எண்.

தட்டுகிறதை எல்லாம் பதிகிற அந்த ஃபைலை அன்று அவன் மூடாமலே கிளம்பியிருக்கிறான். நடக்கிறதுதான். ஆனால் அது வெறும் எழுத்து. ஒருவன் தூங்காமல் கொள்ளாமல் தட்டினாலும் நானூறு ஜிகாபைட் ஆவதற்கு இரண்டாயிரம் வருஷம் வேண்டும். அதைப் பிடித்திருக்கிற புரோகிராம் வழியாகவே அத்தான் அந்த ஃபைலைத் திறந்து, அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப் படித்தார்.

# அவனுக்குக் காய்ச்சலாம்.
# போனில் பின்னால் தியேட்டர் மணி அடித்தது. பரவாயில்லை, நானும் இப்படிச் செய்திருக்கிறேன். நிம்மதியாகப் படம் பார்க்கட்டும்.
# பழைய பதிவுகளைச் சுருக்கப் போகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று.
# முடிந்தது. மணி 1:40. வீட்டில் சாப்பாட்டைப் பாதியில் விட்டு வந்தேன், போய்ச் சாப்பிட வேண்டும்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் போயிருக்கிறான். நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பின்னால் சொல்லி அழுதாராம்.

அதோடு ஃபைல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த வரிக்கு நேரம் 2:05.

# சாலையில் யாருமே இல்லை. அவளிடம் அவனே சொல்லட்டும். ஒன்று. இரண்டு.

அதற்குக் கீழே, ஒன்று. இரண்டு. அதற்கும் கீழே, ஒன்று. இரண்டு. பக்கம் பக்கமாக... மூன்று என்பதே இல்லை. அத்தான் ஒரேயடியாகக் கடைசிக்குத் தாவினார். இன்றைய தேதி போட்டிருந்தது.

# வந்துவிட்டான். கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான்.
# அவன் பையில் காலி டிஸ்க் இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து அவளிடம் கொடுக்கட்டும். அரை நிமிஷ வேலை.
# ஒன்று. இரண்டு.

அப்போது பக்கத்து மேஜையில் ஒரு சத்தம். க்ரீச்... டக். முணுமுணுவின் பழைய கீபோர்டு அது. ஸ்பேஸ் பாரை அமுக்கினால் அப்படித்தான் கத்தும். அதன் வயர் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது.

திரையில் தொண்ணூற்றெட்டு. அத்தானின் பையில் நிஜமாகவே காலி டிஸ்க் இருந்தது. பக்கத்தை எடுத்துவிட்டுப் புரோகிராமை நிறுத்தலாம்; மெஷின்களும் பிழைக்கும், அந்தப் பெண்ணுக்கும் அவள் கேட்டது கிடைக்கும். இரண்டுக்கும் நேரம் இருந்தது, அதுதான் கொடுமை. ஆனால் இரண்டாவது வரியே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தான் பையைத் தொடவில்லை. ஹேஷ் போடவில்லை. எண்ணவில்லை. அந்தப் புரோகிராமை நிறுத்துகிற கமாண்டைத் தட்டி, என்டரை ஒரே அமுக்காக அமுக்கினார். மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

தொண்ணூற்றெட்டு சடாரென்று எண்பத்தைந்துக்கு இறங்கியது. பதினோரு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நானூற்றுப் பன்னிரண்டு ஜிகாபைட் போன இடம் தெரியவில்லை. தைல வாசமும் இல்லை.

“சரியாயிடுச்சு சார்,” என்றார் மேனேஜரிடம்.

கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினார். அதே சாலை. மணி இரண்டு ஐந்து. ஏய், கையை விடு, நகம் குத்துகிறது! லாரி வரவில்லை. ஒன்றும் வரவில்லை. அத்தான் பத்திரமாக வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினார்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் போன். முணுமுணுவின் மனைவி.

“அண்ணா, ரொம்ப நன்றிண்ணா. நீங்க அனுப்பினது வந்துச்சு.”

“நானா... என்னம்மா அனுப்பினேன்?”

“அவரு எழுதினதுதான். மெயில்ல வந்திருக்கு. மத்தியானம் பன்னெண்டு அம்பத்தெட்டுக்கு. ஒரே ஒரு வரிதான் இருக்கு. ‘அவனுக்குக் காய்ச்சலாம்’னு.” அந்த வரியை அவள் இன்னொரு தரம் படித்தாள். “ஆபீஸ்ல அவசரம்னு மட்டும்தான் என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. அன்னிக்கு உங்களுக்கா காய்ச்சல்? உங்களுக்குப் பதிலாத்தான் போனாராண்ணா?”

பாருங்கள். இரண்டாவது வரி அவளுக்குப் போகவில்லை. அதை அத்தான் வாயாலேயே சொல்லட்டும் என்று விட்டு வைத்திருந்த மாதிரி இருந்தது. அவள் குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு மட்டும்தான். அத்தான் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் திறந்தாராம், சத்தியமாக.

“ஆமாம்மா. நல்ல காய்ச்சல். எழுந்திரிக்கவே முடியல.”

போனுக்குள், அவள் பக்கத்திலிருந்து... க்ரீச். டக். ஒரு ஆண்குரல், வாய்க்குள்ளேயே. ஒண்ணு... ரெண்டு...

“யாரும்மா பக்கத்துல?”

“யாருமில்லையேண்ணா. நான் மட்டும்தான் இருக்கேன்.”

அன்று ராத்திரி சிநேகிதனின் அக்கா தற்செயலாக அவர் நெற்றியைத் தொட்டவள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அனலாகக் கொதித்தது. மறுநாள் இல்லை. அடுத்த ஞாயிறு, சரியாகப் பன்னிரண்டு பத்துக்கு மறுபடி வந்தது. இரண்டு ஐந்துக்கு விட்டுவிட்டது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பார்க்காத டாக்டர் இல்லை. இரத்தம் எடுத்து எடுத்துக் கை வீங்கிவிட்டது. எல்லாப் பரிசோதனையும் நார்மல். அந்த முடிவுகள் வருவதும் அதே பதினோரு மெஷின் வழியாகத்தான். தியேட்டர், பாப்கார்ன், பொய், ஃபைல் எல்லாவற்றையும் காய்ச்சலில் உளறி உளறித்தான் வீட்டுக்கே தெரிய வந்தது.

“அந்தப் பொண்ணுகிட்ட போய் உண்மையச் சொல்லித் தொலைங்களேன்,” என்று அக்கா அழுகிறாள்.

“சொல்றேன்டி. அடுத்த வாரம் கண்டிப்பா சொல்றேன்,” என்கிறார் அத்தான், காய்ச்சல் விட்டதும். நாலு வாரமாக இதையே சொல்கிறார்.

காய்ச்சல் இருக்கும்போது வேறு பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு... அதற்குமேல் போகாது. போன ஞாயிறு மட்டும், இரண்டு ஐந்து ஆகப்போகிற நேரம், ரெண்டு சொன்னவர் நிறுத்தவில்லை. உதட்டைக் குவித்து “மூ...” என்று இழுத்தார். அது அவர் குரலே இல்லை என்கிறாள் அக்கா. மூன்றுக்கு அப்புறம் என்டர்தானே, பாய்ந்து போய் உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்திவிட்டாள். கடிகாரம் இரண்டு ஐந்தைத் தாண்டுகிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

எடுத்த பிறகு, கை ஈரமாக இருக்கிறதே என்று முகர்ந்து பார்த்திருக்கிறாள். கற்பூரத் தைலம். அந்த வீட்டில் யாரும் தைலம் பூசுகிறதில்லை.