ட்யூபுக்குள் அடித்த காற்று

"வாயை வச்சு உறிஞ்சினேன் மச்சான். நல்லா இருந்தா அது நாக்கைக் கவ்விப் பிடிக்கணும். வெறும் காத்துதான் வந்துது."

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ரயிலில், எதிர் சீட்டுக்காரர் தன் நண்பரிடம் சொன்னார்.

"எதை உறிஞ்சின?"

"அப்பா விட்டுட்டுப் போன காரோட வேக்வம் ட்யூபை. கார்புரேட்டர்லேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகுமே, அது. அந்த முனையில இருக்கற ரப்பர் சவ்வு, டயஃப்ரம், கிழிஞ்சிருக்கு. அதான் மேடு ஏற மாட்டேங்குது, சூடாகுது."

"புதுசு போடேன்."

"எங்க தேடியும் கிடைக்கல. பழசு கிடைச்சா அதுவும் கிழிசல்."

"எப்படிக் கிழிஞ்சுது?"

"போன ஆயுத பூஜைக்கு வாட்டர் வாஷ் விட்டோம். ஒரு தூசி இருக்கக் கூடாதுன்னு அம்மா கூடவே நின்னு, அந்த ட்யூபைக் கழட்டி உள்ளயும் கம்ப்ரஸர் காத்து அடிக்கச் சொன்னாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"எப்படிடா சொல்றது? வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். நாளைக்குக் காயலான் கடைக்காரர் வந்து எடுத்துட்டுப் போறார்."

கூடுவாஞ்சேரியில் இறங்க எழுந்தபோது நண்பர் கேட்டார்.

"இப்ப கார் வீட்லயா நிக்குது?"

"இல்ல, வாட்டர் வாஷ்ல. அப்பா வண்டி அழுக்கா போகக் கூடாதாம். தம்பியைக் கூட்டிட்டுப் போயி, அம்மா பக்கத்துலயே நின்னு காத்து அடிக்க வைக்கிறாங்க."