ஜெபத்துக்கு நடுவில் ஒரு ஜிப் சத்தம்

என்னை எல்லோரும் மணியக்கா என்று கூப்பிடுவார்கள். ஞானஸ்நானப் பெயர் ஆலய ஏட்டில் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. வயது அறுபத்திரண்டு இருக்கும். ஆலய மதிலை ஒட்டிய பின் வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். முப்பது வருடமாக ஆலயம் பெருக்குவதும் மணி அடிப்பதும் என் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல போலீஸ் ஸ்டேஷனில் ஐயா எழுதுகிறார்.

இன்று எங்கள் பாடகர் குழு முப்பத்தொரு பேர் வெளிநாட்டுக்குப் புறப்படுகிற நாள். அங்கே உள்ள ஒரு சபையின் நூறாவது ஆண்டு விழாவில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். தனிப்பாட்டு பாட வேண்டியவள் சபைச் செயலாளரின் மனைவி. அவள் தையல்காரி, முப்பத்தொரு அங்கியையும் அவள்தான் தைத்தாள். முதலில் தனிப்பாட்டு செயலாளருக்குத்தான் இருந்தது. அவர் குரல் மேலே போனால் பிளக்கும், உத்தரத்தில் தொங்குகிற வௌவால் இடம் மாறும். போன மாதம் போதகர் அதை மனைவிக்கு மாற்றிக் கொடுத்தார். செயலாளர் சபை முன்னால், "கர்த்தருடைய சித்தம்" என்று சிரித்தார். சனிக்கிழமை நான் அங்கி மாற்றும் அறைக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே அவர் மனைவியிடம் சொன்னது வேறு.

"நீ முன்னால நின்னு பாடுவ, நான் உன் பையத் தூக்கிட்டுப் பின்னால நிக்கணுமா? போற அன்னிக்குப் பாத்துக்கலாம்."

கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது.

இன்று காலை ஏழு மணிக்கு ஆலய வாசலில் பஸ் வந்து நின்றது. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் ஒரே நீலத் துணிப் பையில், படிக்கட்டுப் பக்கத்து மேசை மேல் இருந்தது. டிரைவர் வாடகை பஸ்ஸோடு வந்தவர், எங்கள் சபை அல்ல. "அம்மா, கண்ணாடி முழுக்கத் தூசி, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார். வாளியில் கொடுத்தேன். அதன் பிறகு போதகர் வழி ஜெபத்துக்குக் கூப்பிட்டார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

நான் மூடவில்லை. இதை வைத்துத்தான் என்னைப் பொய்க்காரி என்கிறார்கள், அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால், இந்தப் போதகருக்கு முன்னவருக்கும் முன்னவர் இருந்தபோது, ஒரு ஞாயிறு ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் வாசலில் பதினான்கு ஜோடி செருப்பைக் காணோம். போதகருடைய புதுச் செருப்பும் அதில் போயிற்று. அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு அவர் வெறுங்காலோடு போய், பரிசுத்த பூமியில் செருப்பு எதற்கு என்று சமாளித்தார். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டு, "மணி, இனிமே ஜெபத்துல நீ கண்ண மூடாத. செருப்பப் பாத்துக்க. உனக்கும் சேத்து நான் மூடிக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து மூடியதில்லை. என் புருஷனை அடக்கம் செய்த ஜெபத்தில்கூட மூடவில்லை. எல்லாச் செருப்பும் இருந்தன.

இன்றும் திறந்துதான் இருந்தேன். போதகரின் ஜெபம் நீளம். விமானம், விமானி, காற்று, மேகம் என்று ஒவ்வொன்றாகப் போவார். மேகத்துக்கு வந்தபோது செயலாளர் நீலப் பைக்குள் கையை விட்டு, நாலைந்து பாஸ்போர்ட்டைப் புரட்டி, ஒன்றை எடுத்துத் தன் வேதாகமத்தின் தோல் உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். பாதியில் சிக்கியது. மறுபடி இழுத்தார். சத்தம் நன்றாகக் கேட்டது. ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. டிரைவர் அப்போது பஸ்ஸின் முன்பக்கம் ஸ்டூலில் ஏறிக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். செயலாளர்தானே, ஏதோ சரிபார்க்கிறார் என்று இருந்துவிட்டேன். ஜெபத்துக்கு நடுவில் கண்ணைத் திறக்கத்தான் எனக்கு உத்தரவு, வாயைத் திறக்க அல்ல.

ஆமென் சொன்னதும் செயலாளர் எண்ணினார். முப்பதுதான் இருந்தது. இல்லாதது தையல்காரியுடையது. அவர் நேராகப் போய் டிரைவரின் சட்டையைப் பிடித்தார். "ஜெபம் பண்ணாம நின்னது இவன் ஒருத்தன்தான்" என்றார். டிரைவர், "உங்க பாஸ்போர்ட் எனக்கெதுக்கு சார், நான் அதுல எங்க போகப் போறேன்?" என்றார். அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் தரையில் கொட்டிப் பார்த்தார்கள். சோறுதான் இருந்தது. அதை நான் பெருக்கி அள்ளினேன்.

அதன் பிறகு நான் முன்னால் போய், "எடுத்தது இவரு. அந்த வேதாகமத்து ஜிப்பத் தொறக்கச் சொல்லுங்க" என்றேன். போதகர், "மணியக்கா, ஜெபத்துல நீங்க கண்ணத் தொறந்தா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், திருட்டு என் மடியில் இருப்பது போல. செயலாளர் வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பரிசுத்த வேதாகமத்த சோதனை போடணுமாம். பெருக்குறவ சொல்றா" என்றார். ஒருவரும் கை நீட்டவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஆலயமும் ஏறாது என்று இன்றைக்குத் தெரிந்தது.

அதன் பிறகு டிரைவரைச் சாமான் அறையில் பூட்டி, உங்களுக்குப் போன் செய்தார்கள். பாடகர் குழுவில் லாரி ஓட்டுகிற ஒருவர் பஸ்ஸை எடுத்தார். செயலாளர் மனைவியிடம், "நீ வீட்டுக்குப் போ. தனிப்பாட்ட யாராவது பாடித்தானே ஆகணும்" என்று சொல்லிவிட்டு ஏறினார். தையல்காரி கழுத்தில் கிடந்த அளவு டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

டிரைவர் எனக்கு உறவில்லை. ஈரத் துணி பிடித்த கை அது. அந்தக் கை நுழைந்திருந்தால் பை நனைந்திருக்கும். நான் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. என்னையும் நம்ப வேண்டாம். கண்ணை மூடியிருந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தால் என்ன கிடைக்கும். காதில் என்ன விழுந்தது என்று விசாரியுங்கள். மேகத்துக்கு ஜெபிக்கும்போது இரண்டு தரம் ஜிப் இழுத்த சத்தம் கேட்டதா இல்லையா என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஜெபித்த அதே வாயால் இல்லை என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

இப்போது மணி பத்து. பஸ் விமான நிலையம் போய்ச் சேரப் பதினொன்று ஆகும், விமானம் இரண்டு மணிக்கு. அங்கே உள்ள காவலருக்கு அந்த ஜிப்பைத் திறக்கப் பயம் இருக்காது. தையல்காரி வெளியே பெஞ்சில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். டிரைவர் உள்ளே இருக்கிறார், காலையிலிருந்து சாப்பிடவில்லை.

நான் பார்த்ததையும் கேட்டதையும் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. எழுதியதை ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடியும்வரை நான் கண்ணை மூடவில்லை. சரியாக இருக்கிறது.

மணியக்காவின் பெருவிரல் ரேகை